புழு இறங்கும் காடு

கலாபா அந்தத் தீயை வைக்கவில்லை என்று எனக்கு நிச்சயமாகத் தெரியும். முத்தோண்டோ மரக் காட்டுப் பக்கம் முதல் புகை எழும்பியபோது அவன் என் மாவு மில்லில் உட்கார்ந்து, அறுந்துபோன பெல்ட்டின் ஒரு முனையை இழுத்துப் பிடித்துக்கொண்டிருந்தான். நான் மறுமுனையைக் கோணி ஊசியால் தைத்துக்கொண்டிருந்தேன். பெல்ட்டைப் போட்டுவிட்டு இரண்டு பேரும் பச்சைக் கிளையை ஒடித்துக்கொண்டு ஓடினோம். ஊரே ஓடியது. அக்டோபர் காற்றில் காட்டுத்தீயைக் கிளையால் அடித்து எவனும் அணைத்ததில்லை, நாங்களும் அணைக்கவில்லை. சாயங்காலம் அதுவாக ஓடைக்கரைக்கு வந்து அணைந்தபோது காட்டின் கிழக்குப் பாதி கரியாக நின்றது.

அப்படியிருக்க, மறுநாள் காலையில் ஊர்த்தலைவர் சிபாஷாவின் மாமரத்தடியில் எழுந்து நின்று, "நான்தான் வெச்சேன்" என்று அவன் சொன்னபோது எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

சிபாஷா மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அதற்கு ஒரு பக்கக் காது கிடையாது, நூல்தான்.

"ஏய்யா, குவியலுக்குத் தீ வெக்க நான் நாள் சொன்னேனா?"

"சொல்லல."

"பின்ன என்ன அவசரம் ஒனக்கு?"

"மேகம் வந்துச்சு. மழ பேஞ்சு குவியல் நனஞ்சுருமோன்னு..."

"அக்டோபர் மொத வாரத்துல மழ மேகமா? அது ஒன் கண்ணுக்கு மட்டும் வந்துச்சாக்கும்."

கூட்டத்தில் இரண்டொருவர் சிரித்தார்கள். மலாமா சிரிக்கவில்லை. "என்னோட பதினோரு மரம் அந்தப் பக்கம் நிக்குது" என்றாள் அவள். "நின்னுச்சு. இப்ப வெறகு நிக்குது."

எங்கள் ஊரில் காட்டுக்குத் தீ வைப்பது குற்றமில்லை. ஜூன் மாதம், புல் பாதி பச்சையாக இருக்கும்போது நாங்களே வரிசையாக நின்று வைப்போம். அந்தத் தீ தரையை மேலாக நக்கிவிட்டுப் போய்விடும். மண்ணுக்குள் தூங்குகிற கூட்டுப்புழுவுக்கு ஒன்றும் ஆகாது. அக்டோபரில் வைக்கிறவன்தான் பாவி. அப்போது மரமெல்லாம் கொழுந்து விட்டிருக்கும். கொழுந்தும் போகும், அதில் முட்டையிட வருகிற அந்துப்பூச்சியும் போகும், டிசம்பரில் நாங்கள் காயவைத்துத் தின்கிற, விற்கிற புழு இருக்காது. புழு இல்லையென்றால் உப்பு இல்லை, சோப்பு இல்லை, பிள்ளைகளுக்குச் சட்டை இல்லை. நகரத்திலிருந்து லாரியில் வருகிற வியாபாரிப் பெண்கள் எங்கள் முகத்துக்காகவா அதையெல்லாம் தூக்கிக்கொண்டு வருகிறார்கள்?

தீ கிளம்பிய இடம் கலாபாவின் மாமியார் லோம்பேக்காவின் கேழ்வரகுக் கொல்லை. மரத்தில் ஏறிக் கிளைகளை மட்டும் வெட்டி, காயவைத்து, குவித்து, மழைக்கு முன்னால் எரித்து, அந்தச் சாம்பலில் கேழ்வரகு விதைப்போம். எரிக்கிற நாளைச் சிபாஷா சொல்ல வேண்டும். காற்று விழுந்த ஒரு மாலையில் ஊர் மொத்தமும் ஒன்றாக எரிப்போம். லோம்பேக்காவின் கொல்லையில் கிளை வெட்டியது கலாபா. அதனால் தீயும் அவன் வைத்ததாகத்தான் இருக்கும் என்று ஊர் நினைத்தது, அவனும் ஆமாம் என்றுவிட்டான்.

தீர்ப்பு சுருக்கமாக முடிந்தது. அந்த வருஷம் அந்தக் குடும்பம் புழுக்காட்டில் கால் வைக்கக் கூடாது. மற்ற பெண்கள் தங்கள் மரத்தில் பட்டைநார் கட்டி, இது எனக்கு என்று முடிச்சுப் போடும்போது கலாபாவின் பெண்டாட்டி மும்பி வீட்டில் இருக்க வேண்டும். அதோடு முடிந்திருந்தால் பரவாயில்லை. பக்கத்து ஊரிலிருந்து சைக்கிளில் வந்திருந்த மும்பியின் தாய்மாமன் கபாசோ தொண்டையைக் கனைத்தார்.

"எங்க வீட்டுக்கு மாப்பிள வந்தானா, மண்ணெண்ண வந்துச்சான்னு தெரியல" என்றார். "ஊர் வயித்துல அடிச்சவன வெச்சுக்கிட்டு நான் எப்பிடித் தலநிமிந்து நடக்கறது? அறுவட முடியட்டும். இவன வெக்கிறதா அனுப்பறதான்னு சொல்றேன்."

அனுப்புகிற அதிகாரம் அவருக்கு இருந்தது. எங்கள் பக்கம் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவான். வீட்டோடு மாப்பிள்ளை என்று யாரும் யாரையும் கேலி செய்ய முடியாது, எல்லோரும் அதேதான். மாமியாருக்குக் கிளை வெட்டி, வேலி போட்டு, கூரை மேய்ந்து, அவன் தன்னை நிரூபிக்க வேண்டும். அதுவரை மாமியாரும் மருமகனும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கக் கூடாது, பேசக் கூடாது, ஒரே பாதையில் எதிரே வந்தால் ஒருவர் புதருக்குள் ஒதுங்க வேண்டும். என்றைக்கு மாமியார் தன் கையால் சமைத்து, தானே கொண்டுவந்து, நாலு பேர் பார்க்க அவன் முன்னால் வைக்கிறாளோ, அன்றைக்குத்தான் அவன் வீட்டு ஆள். அதற்குப் பிறகு எந்த மாமனும் அவனை அனுப்ப முடியாது. சாதாரணமாக இரண்டு மூன்று வருஷத்தில் அதைச் செய்துவிடுவார்கள். கலாபாவுக்கு ஏழு வருஷமாகச் செய்யவில்லை. கபாசோ ஒவ்வொரு வருஷமும் "அடுத்த வருஷம் பாக்கலாம்" என்பார். அவருடைய கொல்லைக்கும் கலாபாதான் கிளை வெட்டினான். சும்மா வேலை செய்கிற ஆளை யார் வீட்டு ஆளாக்குவார்கள்?

நான் இந்த ஊர்க்காரன் இல்லை. தாமிரச் சுரங்க ஊரிலிருந்து ஒரு டீசல் மில்லோடு வந்து பதினெட்டு வருஷம் ஆகிறது. ஒரு விஷயம் பிடிபடவில்லை என்றால் எனக்குக் களி தொண்டையில் இறங்காது. மில்லுக்கு வருகிற பெண்கள் எனக்கு வைத்திருக்கிற பேரை இங்கே எழுத முடியாது, ஆனால் அவர்கள் வயிற்றெரிச்சலில் வைத்த பேர் இல்லை அது. செய்யாத குற்றத்தை ஒருவன் எதற்காகத் தலையில் எடுத்துப் போட்டுக்கொள்கிறான் என்ற கேள்வி என்னை அரித்தது.

அடுத்த வாரம் மும்பி மக்காச்சோளம் கொண்டுவந்தாள்.

"ரெண்டு தரம் ஓட்டுங்கண்ணே. தவிடு இருந்தா அவரு திங்க மாட்டாரு."

"அவரு மேல கோவம், பேசறதே இல்லன்னு ஊரெல்லாம் சொல்றாங்க?"

"கோவம் வேற, தவிடு வேற."

இயந்திரத்தை நிறுத்திவிட்டுக் கேட்டேன். "ஏம்மா, நெசமாவே அவன்தான் வெச்சானா?"

"எனக்கும் அதாண்ணே புரியல. அடுப்பு மூட்டச் சொன்னாக்கூட காத்து எந்தப் பக்கம்னு பாத்துட்டுத்தான் குச்சிய ஒரசுவாரு. ஏன் வெச்சீங்கன்னா மேகம்ங்கிறாரு. எந்தப் பக்கம் மேகம்னா கூரையப் பாக்குறாரு. நேத்து நல்லா ஏசிப்புட்டேன். மூணு பிள்ளயும் உப்பில்லாம திங்கட்டும், ஒங்க மேகத்தத் தொட்டுக்கிட்டுன்னு."

"அவன் என்ன சொன்னான்?"

"'அம்மா சாப்ட்டாங்களா?'ன்னு கேக்குறாரு. எனக்கு வந்துச்சு பாருங்க ஆத்திரம்! எங்க அம்மா ஒரு வாரமா முழங்கால் வலின்னு படுத்துக் கெடக்குது. களியத் தொடல. சிபாஷா மூணு தரம் ஆள் விட்டாரு, முட்ட பாக்க வாங்கன்னு. போகவே மாட்டேங்குது."

இது எனக்குப் புதிதாக இருந்தது. லோம்பேக்காதான் இருபது வருஷமாக எங்கள் காட்டுக்கு முட்டை பார்க்கிறவள். அக்டோபர் கடைசியில் மரம் மரமாகப் போய் இலையைத் திருப்பி முட்டையை எண்ணுவாள். பொரித்த பிறகு புழு எத்தனை தோல் உரித்திருக்கிறது என்று பார்ப்பாள். அவள் "இன்னும் ஆறு நாள்" என்றால் சிபாஷா ஆறு நாள் கழித்துக் காட்டைத் திறப்பார். அறுவடைக்கு நடுவில் "போதும், மிச்சம் மண்ணுக்கு" என்று அவள் சொன்னால் அன்றோடு எல்லோரும் கூடையைக் கவிழ்த்துவிட வேண்டும். லாரிக்காரிகள் அழுதாலும் ஒன்றும் நடக்காது. காய்ச்சலோடு, கம்பு ஊன்றிக்கொண்டு அவள் முட்டை பார்க்கப் போனதை நான் கண்டிருக்கிறேன். முழங்கால் வலிக்கு அவள் நிற்கிற ஆள் இல்லை.

அன்றைக்கே கலாபாவைத் தேடிப் போனேன். வீட்டுக்குப் பின்னால் கோடாரிக்குச் சாணை பிடித்துக்கொண்டிருந்தான். மெலிந்த, நெட்டையான ஆள். சிரித்தால் மட்டும் சின்னப் பையன் மாதிரி இருப்பான். அன்று சிரிக்கவில்லை.

"என் மில்லு பெல்ட்டு செவ்வாக்கெழம அறுந்துச்சு" என்றேன். "தீயும் செவ்வாக்கெழம."

"திங்கக்கெழம அறுந்துச்சுண்ணே."

"என் பெல்ட்டு என்னைக்கு அறுந்துச்சுன்னு எனக்குத் தெரியாதா? இந்தா பாரு, ஊசி குத்துன காயம். இதயும் திங்கக்கெழமைங்கிறியா?"

அவன் கோடாரியைக் கீழே வைத்தான். மண்டியிட்டு, தலைவர் முன்னால் செய்வதுபோல இரண்டு கையையும் குவித்து மெதுவாகத் தட்டினான். எனக்குச் சங்கடமாகிவிட்டது.

"அண்ணே, ஒங்கள மூத்தவரா நெனச்சுக் கேக்குறேன். வாயத் தெறக்காதீங்க. தெறந்தீங்கன்னா கபாசோ மாமா அனுப்பறதுக்கு முன்னாடி நானே கெளம்பிருவேன்."

"யாரக் காப்பாத்துற நீ?"

"சாண சரியா ஏறலண்ணே, கொஞ்சம் தண்ணி ஊத்துங்க."

ஊற்றினேன். அவன் கோடாரியைத் திருப்பிப் போட்டு மறுபக்கத்துக்குச் சாணை பிடித்தான்.

நவம்பரில் மழை இறங்கியது. டீசல் வண்டி சேற்றில் மாட்டிக்கொண்டதால் மில் நான்கு நாள் ஓடவில்லை. சும்மா உட்கார்ந்திருக்க முடியாமல் காளான் பொறுக்கக் கிளம்பினேன். எரிந்த பக்கத்துக்கு யாரும் போகமாட்டார்கள் என்பதால் அங்கே போனேன். காளான் கிடைத்ததோ இல்லையோ, வேறொன்று கிடைத்தது.

எரிந்த மரங்கள் மறுபடி கொழுந்து விட்டிருந்தன. கரித்த அடிமரத்துக்கு மேலே செம்பு நிறத்தில் புது இலை. அதை நான் எதிர்பார்த்தேன். முத்தோண்டோ லேசில் சாகிற மரமில்லை. ஆனால் ஒரு கிளையில் இலை ஓரமெல்லாம் அரித்திருந்தது. வளைத்துப் பார்த்தேன். விரல் நக நீளத்துக்குக் கறுப்புப் புழுக்கள், முப்பது நாற்பது, நெருக்கியடித்துக்கொண்டு மென்றுகொண்டிருந்தன. எரிந்த காட்டில் முட்டையிட எந்த அந்துப்பூச்சி வரும்? அப்போதுதான் பக்கத்தில் காய்ந்துபோன ஒரு சிறு கொப்பைப் பார்த்தேன். அது அந்த மரத்துக் கொப்பில்லை. எங்கிருந்தோ வெட்டிக்கொண்டு வந்து பட்டைநாரால் கட்டியிருந்தார்கள். அதிலிருந்த புழுக்கள் இறங்கிப் பச்சை இலைக்குப் போயிருந்தன.

அடுத்த மரத்திலும் ஒரு கொப்பு கட்டியிருந்தது. அதற்கடுத்ததிலும். நாற்பது மரம் வரை எண்ணினேன், பிறகு மழை பிடித்துக்கொண்டது. நனைந்துகொண்டே வீட்டுக்கு வந்தேன். காளான் கூடையை எங்கே விட்டேன் என்று இன்று வரை தெரியாது.

மறுநாள் வெயில் ஏறத் தொடங்கியதும் போய் ஒரு கறையான் புற்றுக்குப் பின்னால் உட்கார்ந்தேன். எறும்பு கடித்தது. வேண்டியதுதான் என்று சொல்லிக்கொண்டேன். கொஞ்ச நேரத்தில் மேற்குப் பக்கத்திலிருந்து ஒரு இருமல் கேட்டது. சளி இருமல் இல்லை, ஆள் வருகிறது என்று சொல்கிற இருமல். கலாபா வந்தான். தலையில் ஒரு கூடை, கூடை நிறையக் கொப்புகள். எரிந்த காட்டுக்கும் நல்ல காட்டுக்கும் நடுவில் கிடந்த பட்டுப்போன மரத்தின் மேல் அதை வைத்தான். பக்கத்தில் ஒரு வெறுங்கூடை இருந்தது. அதை எடுத்துக்கொண்டு, மறுபடி இருமிவிட்டு, மரங்களுக்குள் போய் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றான்.

கிழக்கிலிருந்து லோம்பேக்கா வந்தாள். முழங்கால் வலியும் இல்லை, கம்பும் இல்லை. துணியைத் தலையில் இழுத்துப் போட்டு முகத்தை மறைத்திருந்தாள். கூடையைத் தூக்கிக்கொண்டு போய், கொப்பு கொப்பாக எடுத்து, மரம் மரமாகக் கட்டினாள். ஒவ்வொன்றையும் கட்டிய பிறகு இலையைத் திருப்பிப் பார்த்தாள். அவள் கண்ணுக்கு எட்டாத தூரம் போனதும் கலாபா திரும்பி உட்கார்ந்து, வெறுங்கூடை என்று நான் நினைத்ததற்குள்ளிருந்து ஒரு இலைப் பொட்டலத்தை எடுத்தான். உள்ளே வறுத்த நிலக்கடலை இருந்தது. அவள்தான் வைத்திருக்க வேண்டும். அவன் ஒவ்வொன்றாகத் தோல் தேய்த்துத் தின்றான்.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. எல்லோருக்கும் தீ வைக்கும் நாளை நினைவுபடுத்துகிறவள், இருபது வருஷமாகக் காட்டைக் காத்தவள், ஒரு மேகத்தைப் பார்த்து அவசரப்பட்டுவிட்டாள். என் மில்லுக்கு வரும் வழியில் அவள் நெருப்போடு கொல்லைக்குப் போனதை அவன் பார்த்திருக்க வேண்டும். மாமியாரைப் பற்றி ஊர் முன்னால் வாய் திறக்க மருமகனுக்கு வழியில்லை. அவளிடமே போய் "நீங்கள் சொல்லிவிடுங்கள்" என்று கேட்கவும் வழியில்லை. தன் தலையில் போட்டுக்கொண்டான். அவன் போட்டுக்கொண்டதை அவளும் தடுக்கவில்லை, பயந்துவிட்டாள். அந்தப் பயத்துக்குத்தான் இந்தக் கொப்பு கட்டுகிற வேலை. ஒரு வார்த்தை பேசிக்கொள்ளாமல் எப்படித்தான் இதைத் தொடங்கினார்களோ! ஒருநாள் அவள் தனியாகக் கட்டியிருப்பாள், அவன் பார்த்துவிட்டு மறுநாள் கூடையை வைத்திருப்பான். வேறு எப்படி?

வாயை மூடிக்கொண்டிருப்பது என்று முடிவு செய்தேன். மூன்று நாள் மூடியிருந்தேன். நான்காம் நாள் மலாமா அவனைப் பிடித்துவிட்டாள்.

மேற்குக் காட்டில், கூடை நிறையப் புழுக் கொப்போடு பிடித்தாள். காடு திறக்கும் முன்னால் ஒரு புழுவைத் தொட்டாலும் அது திருட்டு. அவனைச் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஊருக்குள் வந்தாள். அவள் குரல் மில் சத்தத்தையும் மீறிக் கேட்டது.

"தீயும் வெப்பான், திருடவும் செய்வான்! எரிச்ச பாதி போக மிச்சப் பாதியும் வேணுமாம் தொரைக்கு! இன்னும் தோலுகூட உரிக்காத குஞ்சுப் புழு! வாயில வெச்சா நாக்குல ஒட்டிக்கும், அதப் போயி!"

கபாசோவுக்கு ஆள் போயிற்று. மத்தியானம் அவர் சேறு தெறித்த சைக்கிளோடு மாமரத்தடிக்கு வந்து சேர்ந்தபோது ஊர் முழுக்க அங்கே இருந்தது. மும்பி ஒரு ஓரத்தில் கைக்குழந்தையோடு உட்கார்ந்திருந்தாள்.

"இனிமே அறுவட வர எதுக்குக் காத்திருக்கணும்?" என்றார் கபாசோ. "பையத் தூக்கு. இன்னைக்கே போ. பிள்ளைங்க எங்க பிள்ளைங்க, இங்க இருக்கும்."

மும்பி எழுந்துவிட்டாள். "மாமா, ஒரு வார்த்த..."

"ஒனக்கு நல்லவனாப் பாத்து நான் கொண்டாறேன். உக்காரு."

"கோவத்துல ஆயிரம் சொல்லியிருப்பேன். போகச் சொன்னேனா? நீங்க யாரு போகச் சொல்ல?"

"நான் யாரா?" கபாசோ சைக்கிளைச் சாய்த்துவிட்டு நிமிர்ந்தார்.

என்னால் முடியவில்லை. எழுந்தேன். "அவன் தீ வெக்கல. புக கெளம்புனப்ப எங்கூட மில்லுல இருந்தான்" என்றேன்.

எல்லோரும் திரும்பினார்கள். கலாபா என்னைப் பார்க்காமலே சொன்னான்: "அண்ணனுக்கு நாளு மறந்துபோச்சு. அது வேற நாளு."

சிபாஷா கண்ணாடி வழியாக என்னையும் அவனையும் மாறிமாறிப் பார்த்தார். "மில்லுக்காரரே, இத அன்னைக்கே சொல்ல என்ன கேடு ஒமக்கு? ஊருல யாரு வீட்டுல யாரு தும்முனாலும் சொல்ற ஆளாச்சே நீரு!"

சொல்ல வந்ததை முடிக்காமல் உட்கார்ந்துவிட்டேன். பதினெட்டு வருஷத்தில் முதல் தடவை.

அப்போது கூட்டத்தின் பின்பக்கம் சலசலப்பு அடங்கிக்கொண்டே வந்தது. வழிவிட்டு ஒதுங்கினார்கள். லோம்பேக்கா வந்துகொண்டிருந்தாள். தலையில் ஒரு பெரிய தட்டு, அதன் மேல் மூடி போட்ட சட்டிகள். மலாமா அவனை இழுத்து வந்ததிலிருந்து அவள் வீட்டுச் சமையல் குடிசையில் புகை வந்ததைப் பார்த்திருந்தேன், ஒரு கோழி கத்தியதையும் கேட்டிருந்தேன், பொருட்படுத்தவில்லை. முகத்தில் துணி இல்லை. நேராக, மருமகன் இருக்கும் இடத்தைப் பார்த்தே நடந்தாள்.

கலாபா அவளைக் கண்டதும் ஏழு வருஷப் பழக்கத்தில் துள்ளி எழுந்து மாமரத்துக்குப் பின்னால் ஓடப் பார்த்தான்.

"ஓடாதீங்க" என்றாள் லோம்பேக்கா. "உக்காருங்க மாப்ள."

அவன் அங்கேயே உட்கார்ந்தான். அவள் தட்டை இறக்கி, அவன் முன்னால் மண்டியிட்டு, ஒவ்வொரு மூடியாகத் திறந்தாள். ஆவி பறக்கிற களி, கோழிக் குழம்பு, நிலக்கடலைப் பொடி போட்ட பூசணிக் கீரை, கை கழுவத் தண்ணீர்.

கபாசோவுக்கு அப்போதுதான் விளங்கியது. "அக்கா! என்ன பண்ற? என்னக் கேக்காம மாப்பிளைக்குச் சோறு வெக்கிறியா?"

"ஏழு வருஷமா ஒன்னக் கேட்டாச்சு தம்பி" என்றாள் அவள், திரும்பாமல். பிறகு எழுந்து சிபாஷாவைப் பார்த்தாள். "தீய வெச்சது நான். காலையில ஓட்டுல நெருப்பெடுத்துட்டுப் போனேன். வடக்க ஒரு மேகம் நின்னுச்சு. என் கேவுரு நனஞ்சுரும்னு புத்தி கெட்டுப் போச்சு. ஒரே ஒரு குவியல்தானேன்னு வெச்சேன். காத்து திரும்பிருச்சு. சொல்லணும்னுதான் மறுநாள் வந்தேன். அதுக்குள்ள இவரு எந்திரிச்சிட்டாரு. நான் உக்காந்துட்டேன். அதுதான் நான் பண்ணின பெரிய தப்பு, தீயவிடப் பெருசு."

"அப்ப இந்தப் புழு?" என்றாள் மலாமா. சுருதி இறங்கியிருந்தது.

"திங்கவா எடுத்தாரு? ஒன் பதினோரு மரத்தயும் போய்ப் பாரு. நெருக்கமா இருந்த கொப்புல மட்டும் எடுத்து அங்க கட்டியிருக்கோம். ஒண்ணு விடல."

மலாமா உடனே போனாள். அவள் எதையும் கேட்டு நம்புகிறவள் இல்லை. நாங்கள் காத்திருந்தோம். கலாபா களியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"ஆறுது" என்றாள் லோம்பேக்கா.

அவன் கை கழுவினான். ஒரு கவளம் பிட்டு, உருட்டி, குழம்பில் தோய்த்து வாயில் போட்டான். ஊரே அவன் தாடையைப் பார்த்தது. மென்று விழுங்க வெகுநேரம் ஆயிற்று.

"உப்பு சரியா இருக்கா?" என்று கேட்டாள்.

அவன் தரையைப் பார்த்தபடி, ஏழு வருஷத்தில் மாமியாரிடம் முதல் வார்த்தையாக, "கொஞ்சம் கம்மி" என்றான்.

மும்பிதான் முதலில் சிரித்தாள். சிரிப்பா அழுகையா என்று சொல்ல முடியாத சத்தம். பிறகு மாமரத்தடியே சிரித்தது. கபாசோ மட்டும் சைக்கிள் மணியில் ஒட்டியிருந்த சேற்றை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தார். அவர் கொல்லைக்கு இனிமேல் யார் கிளை வெட்டுவது என்ற கவலை அவருக்கு.

மலாமா திரும்பி வந்தபோது அவள் பாவாடையெல்லாம் கரி. "இருக்கு" என்றாள் சிபாஷாவிடம். "பதினொண்ணுலயும் இருக்கு."

சிபாஷா தீர்ப்பை மாற்றிச் சொன்னார், ஆனால் இளக்கவில்லை. லோம்பேக்கா இனி முட்டை பார்க்க வேண்டாம். அந்த வீடு இந்த வருஷம் புழு எடுக்கக் கூடாது என்பது அப்படியே இருக்கும். ஊர் முன்னால் பொய் சொன்னதற்காகக் கலாபா அடுத்த ஜூனில் காட்டைச் சுற்றித் தனியாளாகப் புல் செதுக்க வேண்டும். உண்மையை மறைத்ததற்கு நான் தலைவர் வீட்டு மாவை ஒரு மாதம் சும்மா அரைக்க வேண்டும். எரிந்த பக்கத்துப் புழுவை யாரும் தொடாமல் மண்ணுக்கு விட்டால் நல்லது, ஆனால் அந்தப் பக்கம் அதிக மரம் இழந்தவள் மலாமா, அவள்தான் சொல்ல வேண்டும் என்றார்.

மலாமா இடுப்பில் கை வைத்து யோசித்தாள். அவளுக்கும் நாலு பிள்ளைகள். "தொடல" என்றாள் கடைசியில். "ஆனா அடுத்த வருஷம் எனக்குப் பதிமூணு மரம் வேணும்."

காடு திறந்தது. ஊர் முழுக்கக் கூடையோடு மேற்குப் பக்கம் போயிற்று. பத்து நாள் எங்கு பார்த்தாலும் புழுவின் குடலைப் பிதுக்குகிற கை, தணலில் வாட்டுகிற வாசனை, பாயில் காய்கிற புழு. புழுவின் முள் குத்திக் குத்திப் பெண்களின் விரலெல்லாம் கறுத்துவிட்டது. லாரிகள் வந்தன, ஒரு தட்டுப் புழுவுக்கு இவ்வளவு உப்பு, இவ்வளவு சர்க்கரை என்று சண்டை போட்டார்கள், போனார்கள். மும்பியின் விரல்கள் மட்டும் சுத்தமாக இருந்தன. ஊரில் அதைவிட வெட்கம் வேறில்லை. அவள் கையைத் துணிக்குள் மறைத்துக்கொண்டுதான் மில்லுக்கு வந்தாள்.

"கஷ்டமா இருக்காம்மா?"

"உப்பில்லாததக்கூடத் தாங்கிருவேன்ணே. இவங்க ரெண்டு பேரு பேச்சத் தாங்க முடியல. ஏழு வருஷத்துக்கும் சேத்துப் பேசுறாங்க. கூர ஏன் ஒழுகுது, கோழி ஏன் முட்டையிடல, ஓடையில தண்ணி எவ்வளவு, விடிஞ்சா ஆரம்பிச்சிருறாங்க. நேத்து சண்டையே வந்துருச்சு, புழு மண்ணுக்கு நாளைக்கு எறங்குமா நாளன்னைக்கு எறங்குமான்னு."

"என்னைக்கு எறங்குமாம்?"

"அம்மா இன்னைக்கின்னு சொல்லுது."

மில்லைப் பூட்டிவிட்டுக் கிளம்பினேன். நான் எப்படிப் போகாமலிருப்பேன்? எரிந்த காட்டின் ஓரத்தில் லோம்பேக்காவும் கலாபாவும் நின்றிருந்தார்கள். மும்பியும் என்னோடு வந்து சேர்ந்துகொண்டாள். சற்றுத் தள்ளி மலாமா ஒரு வேர் மேல் உட்கார்ந்திருந்தாள். யாராவது எடுத்துவிடுவார்களோ என்று காவலுக்கு வந்தாளாம். முட்டை பார்க்கிற வேலை இப்போது அவளுக்குத்தான். ஆனால் எதைக் கேட்பதற்கும் லோம்பேக்காவிடம்தான் வந்துகொண்டிருந்தாள்.

மழை விட்டிருந்தது. தரை ஈரமாக, மெத்தென்று இருந்தது. முதலில் எனக்கு ஒன்றும் தெரியவில்லை. பிறகு கரித்த அடிமரத்தில் ஏதோ அசைந்தது. விரல் தடிமனுக்குத் தின்று கொழுத்த புழுக்கள், ஒன்றன்பின் ஒன்றாகத் தலைகீழாக இறங்கிக்கொண்டிருந்தன. ஒரு மரத்தில் அல்ல, கண் போகிற மரமெல்லாம். தரைக்கு வந்து, கொஞ்ச தூரம் அலைந்து, இடம் பிடித்த பிறகு தலையால் மண்ணைத் தள்ளித் தள்ளி உள்ளே போயின, அடுத்த வருஷம் அந்துப்பூச்சியாகக் கிளம்ப. எங்கள் செருப்பின் மேலேயே ஏறி இறங்கின. மலாமாவின் மடிக்கு ஒன்று வந்தது. அவள் அதை எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள். இரண்டு விரலால் பிதுக்கினால் போதும். அவள் கறுத்த விரல்கள் அதைச் சுற்றி ஒருமுறை மடங்கின. பிறகு குனிந்து அதைத் தரையில் விட்டு, "போ, போயித் தொல" என்றாள்.

"மாப்ள, காலத் தூக்குங்க" என்றாள் லோம்பேக்கா திடீரென்று. "கீழ ஒண்ணு போகுது."

கலாபா ஒரு காலைத் தூக்கினான். அந்த இடத்தில் ஒரு புழு மண்ணைத் தோண்டத் தொடங்கியது. தூக்கிய காலை வைக்க இடம் தேடி முன்னால் பார்த்தான், பின்னால் பார்த்தான். எங்கும் இறங்கிக்கொண்டிருந்தன.

"எங்க வெக்கிறது அத்த?"

லோம்பேக்கா அவன் கையைப் பிடித்துத் தன் தோளில் வைத்துக்கொண்டாள்.

"எங்கயும் வெக்க வேண்டாம். இப்பிடியே நில்லுங்க" என்றாள்.

நாங்கள் ஐந்து பேரும், அவன் ஒற்றைக் காலில், கடைசிப் புழு உள்ளே போகும்வரை அசையாமல் நின்றோம்.